எட்டு போட்டவனுக்கெல்லாம் வளைவு தெரியுமா?

ஒரு பையன் பைக்கோடு விழுந்துவிட்டான் என்றால் இந்த ஊரில் இரண்டே இரண்டு தீர்ப்புதான். ஒன்று, "என்ன வேகத்துல போனானோ!" இரண்டு, "முதல்ல அந்த வண்டிய வித்துத் தொலைங்க." முதலாவதை எதிர்வீட்டு அத்தை சொல்வார், இரண்டாவதை ஊரிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரும் பெரியப்பா சொல்வார். மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதே இல்லை. "தம்பி, அந்த வளைவை நீ எப்படித் திருப்பினே?"

கேட்டால் பதில் வராது. ஏனென்றால் அவனுக்கே தெரியாது. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்கிறவருக்கும் தெரியாது என்பது தனிக்கதை.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்ளலாம். சேலத்தில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவன். பெயரும் கல்லூரியும் வேண்டாம், ஒவ்வொரு வகுப்பிலும் இவனைப்போல் ஒருவன் கையைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்த 150 சிசி வண்டி. ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் இரண்டு வண்டியில் ஏற்காடு. சேலம் பக்கத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது, அதுவும் கொண்டை ஊசியில் இல்லை, இரண்டு கொண்டை ஊசிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சாதாரண வலப்பக்க வளைவில் விழுந்தான். வேகம் சுமார் 40. உள்ளே நுழைந்த பிறகுதான் வளைவு நினைத்ததைவிட இறுக்கம் என்று தெரிந்திருக்கிறது. கண் நேராக இடப்பக்கக் கைப்பிடிச் சுவருக்குப் போயிற்று. ஆக்சிலேட்டரைப் பட்டென்று விட்டான். வலது கால் பின் பிரேக்கை ஏறி மிதித்தது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்க, வண்டி வலப்பக்கம் படுத்துவிட்டது. வலது காறை எலும்பு முறிவு, முழங்கையில் தோல் போயிற்று, கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு இரண்டு தோளையும் பின்னால் இழுத்துப் போட்ட கட்டு, எட்டு வடிவக் கட்டு. லைசென்ஸ் வாங்கப் போட்டது ஒரு எட்டு, வாங்கிய பிறகு போட்டுக்கொண்டது இன்னொரு எட்டு :-)

இப்போது முதல் தீர்ப்புக்கு வரலாம். வேகம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி அந்த ஒரே ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 விழுக்காடு இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாடு, 64,105. காரணம் என்று போட்டிருக்கும் பட்டியலில் "அதிவேகம்" என்ற ஒற்றைக் கட்டம் 71 விழுக்காட்டுக்கும் மேல் மரணங்களை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மற்றதெல்லாம், குடி, ராங் சைடு, செல்போன் எல்லாமே மிச்சத்தில்தான்.

கணக்குப் பாடம் படித்த எவனுக்கும் இதைப் பார்த்தவுடன் சந்தேகம் வர வேண்டும். ஒரு கம்பெனியின் செலவுக் கணக்கில் நூற்றுக்கு எழுபத்தொன்றை "இதர செலவுகள்" என்று ஒரே தலைப்பில் எழுதிக் கொண்டுவந்தால் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா? இந்தக் கட்டத்தை நிரப்புவது ஸ்டேஷனில் வழக்கு எழுதுகிறவர். விழுந்தவன் கிடக்கிறான், வண்டி கிடக்கிறது, வேறு யாரும் இல்லை. என்ன எழுதுவார்? "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து..." அந்த வரி கை பழகிய வரி. எந்தப் பிரேக்கைப் பிடித்தான், எங்கே பார்த்தான், வளைவுக்குள் எந்த கியரில் வந்தான் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

வேகம் காரணம் இல்லை என்று இங்கே யாரும் வாதாடவில்லை. எதற்கு அதிக வேகம் என்பதுதான் கேள்வி. கணக்கு சுலபம்தான், பிளஸ் டூ இயற்பியல். சாய வேண்டிய கோணத்தின் டேன்ஜன்ட், வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பாலும் வகுத்தால் வருவது. அந்த வளைவின் ஆரம் 25 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் வண்டி சுமார் 27 டிகிரி சாய வேண்டும். அவ்வளவுதான். நல்ல டயரும் காய்ந்த, மண் இல்லாத தாரும் இருந்தால் சாதாரண 150 சிசி வண்டி அதைவிட நன்றாகவே சாயும், அதற்கப்புறம்தான் ஃபுட்ரெஸ்ட் தரையை உரசும். அதாவது விழுந்த அந்த நொடியில் அவன் கையிருப்பில் சாய்வு மிச்சம் இருந்தது. எடுத்துச் செலவு செய்யத் தெரியவில்லை. பேங்கில் பணம் இருக்கும்போதே செக் திரும்பி வந்த கதை.

அதே 40-ஐ 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசியில் போட்டுப் பாருங்கள். 40 டிகிரி கேட்கும். அது தற்கொலை. 30-ல் வந்தால் அதே வளைவுக்கு 25 டிகிரி போதும். பத்து கிலோமீட்டர் குறைத்ததற்கு பதினைந்து டிகிரி லாபம், வேகம் வர்க்கமாக ஏறுவதால். ஆகவே "மெதுவாப் போ" என்கிற அறிவுரை தப்பு இல்லை, அரைகுறை. எங்கே மெதுவாக, எவ்வளவு மெதுவாக, எந்த இடத்துக்கு முன்னால் மெதுவாக என்று சொல்லாத அறிவுரை "நல்லா படி" என்று சொல்வது மாதிரிதான்.

இதெல்லாம் புதுசாகக் கண்டுபிடித்த உண்மையும் இல்லை. அமெரிக்காவில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரின் குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் அளந்து ஆராய்ந்து 1981-ல் அறிக்கை கொடுத்தது. ஹர்ட் ரிப்போர்ட் என்றே பெயர். விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காடு பேர் தானாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். ஆபத்து வந்ததும் பெரும்பாலோர் செய்தது என்ன? பின் பிரேக்கை அளவுக்கு மீறி அமுக்கி சக்கரத்தை வழுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை, வண்டியை ஒதுக்கித் திருப்பும் திறமை ஏறக்குறைய இல்லவே இல்லை. வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானாக விழுந்தவர்களின் கதை, வளைவில் வெளியே அகன்று போவது அல்லது பிரேக்கை அமுக்கி வழுக்குவது. மோதுவதற்கு முன் இருந்த வேகத்தின் நடுமதிப்பு எவ்வளவு தெரியுமா? மணிக்கு 48 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. எதிர்வீட்டு அத்தை மன்னிக்கவும்.

நாற்பது வருஷத்துக்கு முன் வேறொரு நாட்டில் எழுதிய அறிக்கை, ஏற்காட்டில் விழுந்த பையனின் கதையை வரிக்கு வரி சொல்கிறது. வியப்பாக இருக்கிறதா? வியப்பு வேண்டாம், மனிதனுக்கு பயம் வந்தால் கையும் காலும் செய்வது எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதைப் பயிற்சிதான் மாற்ற முடியும்.

அந்தப் பயிற்சியை எங்கே கொடுக்கிறார்கள் என்று தேடினால்... ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துக்கு வந்து சேரலாம்.

காலை எட்டு மணிக்கே வரிசை. பிரேக் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தரையில் எட்டு. கால் ஊன்றாமல் ஒரு சுற்று, சைகை காட்டினால் போதும், பாஸ். நடை வேகத்தில் ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி அந்தப் பக்கம் போகும். அங்கே சாய்வு இல்லை, பிரேக் இல்லை, தூரம் பார்ப்பது இல்லை. நெரிசலில் யூ-டர்ன் அடிக்க எட்டு உதவும், அது உபயோகமில்லாத பாடம் என்று சொல்ல முடியாது. ஆனால் 40-ல் வளைவைத் திருப்புவதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று சான்று வாங்கிக்கொண்டு போய் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் இறங்க அரசாங்கமே சீட்டுக் கொடுக்கிறது.

"எல்லா ஊர்லயும் இப்படித்தான்" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். இல்லை. பிரிட்டனில் 2009 முதல் மோட்டார் சைக்கிள் தேர்வின் முதல் பகுதியிலும் எட்டு உண்டு. அதோடு விடுவதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டரில் வந்து தடையைச் சுற்றி ஒதுக்கிக் காட்ட வேண்டும், அதே வேகத்தில் வந்து அவசர பிரேக் அடித்து நிறுத்திக் காட்ட வேண்டும். ஜப்பானில் 40-ல் வந்து, காய்ந்த தரையில் 11 மீட்டருக்குள் நிறுத்த வேண்டும், 30 சென்டிமீட்டர் அகலப் பலகை மேல் மெதுவாகப் போக வேண்டும், இன்னும் என்னென்னவோ. பல பேர் இரண்டு மூன்று தடவை தோற்றுத்தான் வாங்குகிறார்கள். இங்கே எட்டில் தோற்றால் அடுத்த வாரம் டிரைவிங் ஸ்கூல் அண்ணனே பின்னால் நின்று "மெதுவா, மெதுவா, அப்படியே" என்று பாஸ் பண்ண வைத்துவிடுவார்.

இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும். விழுந்த பிறகு பார்க்க இந்த மாநிலத்தில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் குறிப்பிட்ட தொகை வரை முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். மனதார வரவேற்க வேண்டிய திட்டம். விழுந்தவனுக்கு 48 மணி நேரம் ஒதுக்க மனசு இருக்கிற இடத்தில், விழாமல் திருப்பச் சொல்லித் தர ஒரு 48 நிமிஷம் ஒதுக்க முடியாதா?

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது நியாயமும் இல்லை, சுவாரசியமும் இல்லை. வீட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறதே! அங்கே அப்பா, மாமா, சித்தப்பா எல்லாம் பேராசிரியர்கள். முதல் பாடம்: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்." இதைவிடப் பெரிய தீங்கு எந்த மாமாவும் செய்ய முடியாது. பிரேக் பிடித்தவுடன் எடை முன்னால் சாய்கிறது, முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. தூக்கி அடிப்பது முன் பிரேக்கினால் இல்லை, வெடுக்கென்று பிடிப்பதால், அதுவும் ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ மணலிலோ பிடிப்பதால். நேராகப் போகும்போது படிப்படியாக அழுத்தப் பழகினால் அதைவிட நம்பகமான தோழன் கிடையாது. மாமாவின் வண்டியில் டிரம் பிரேக் இருந்த காலத்துப் பயத்தை டிஸ்க் வண்டிக்காரன் சுமக்கிறான்.

இரண்டாம் பாடம்: மலை இறங்கும்போது நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்துவிட்டால் பெட்ரோல் மிச்சம். மிச்சமாவது எத்தனை ரூபாய், ஒரு டீக்கு ஆகுமா? கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். அதை விட்டால் முழு எடையும் பிரேக் தலையில். பத்து வளைவு இறங்குவதற்குள் பிரேக் சூடாகி, பிடிப்பு குறைந்து, பதினொன்றாவதில் பல்லிளிக்கும்.

மூன்றாவது பல்கலைக்கழகம் நண்பர்கள். இவர்கள் மாமாவுக்கு நேர் எதிர். டயரின் ஓரம் தேயாமல் இருந்தால் கேலி. "என்னடா இவ்வளவு புது ரப்பர் மிச்சம், பயந்தாங்கொள்ளி" என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுவார்கள். முட்டி உரசுகிற படத்தை வைத்துக்கொண்டு உடம்பைத் தொங்கப் போடச் சொல்வார்கள். பந்தயத் தடத்தில் எதிரே பஸ் வராது, சாணி கிடக்காது, விழுந்தால் உருண்டு போக இடம் உண்டு என்பதெல்லாம் அந்தப் படத்தில் வராது. சைலன்சர் மாற்ற ஐயாயிரம் இருக்கும், கையுறை வாங்க ஐந்நூறு இருக்காது. விழுகிற எவனும் முதலில் கையைத்தான் ஊன்றுவான் என்பது சைலன்சருக்குத் தெரியாது.

சரி, அப்படியானால் எப்படித்தான் திருப்புவது?

முதலில் டயர் பற்றி. டயரின் பிடிப்பு என்பது மாதச் சம்பளம் மாதிரி, ஒரு அளவுதான் வரும். பிரேக்குக்கும் அதிலிருந்துதான், திரும்புவதற்கும் அதிலிருந்துதான். மொத்தம் 100 என்றால், பிரேக்குக்கு 80 போன பின் திரும்ப மிச்சம் எவ்வளவு? காமர்ஸ் மாணவன் 20 என்பான். இயற்பியல் கொஞ்சம் தாராளம், 60 தரும். இரண்டும் வேறு வேறு திசை என்பதால் வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். ஆனால் பிரேக்குக்கு 100-ம் போய்விட்டால் திரும்ப மிச்சம் பூஜ்யம், அதில் தள்ளுபடி கிடையாது. பின் சக்கரம் பூட்டிய அந்த நொடியில் ஏற்காட்டில் நடந்தது அதுதான். ஆகவே செலவை ஒரே நேரத்தில் செய்யாதே, தவணையில் செய். வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் வேலையை முடி. கியரை இறக்கு. பிரேக்கை விட்டபின் திருப்பு. உள்ளே ஆக்சிலேட்டரை லேசாக, ஒரே சீராகப் பிடித்திரு. நடுவில் பட்டென்று விட்டால் எடை முன்னால் விழுந்து வண்டி தடுமாறும்.

ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம்தான். பல வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும். சாய்ந்திருக்கும்போது எவ்வளவு பிரேக் தாங்கும் என்று கணக்குப் பார்க்கிற ஏ.பி.எஸ். விலை உயர்ந்த வண்டிகளில்தான் வருகிறது. மாணவன் வண்டியில் இருப்பது அது இல்லை.

அடுத்தது பலருக்கும் நம்பவே முடியாத சங்கதி. ஓடுகிற வண்டியை இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால் இடக் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். அதாவது ஹேண்டிலை ஒரு கணம் வலப்பக்கமாகத் திருப்புவது. முன் சக்கரம் வலப்பக்கம் விலக, வண்டி இடப்பக்கம் சாயும், சாய்ந்த பக்கம் திரும்பும். சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், ஆமாம் விமானம் கண்டுபிடித்த அதே ரைட், இதை அன்றே கவனித்திருக்கிறார். சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கேட்டால், அவர்களே செய்கிற இதை ஒருவராலும் சொல்ல முடியவில்லையாம். 1980-ல் கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் தொடங்கிய கீத் கோட் இதை நிரூபிக்க ஒரு வண்டியே செய்தார். அதில் இரண்டு ஜோடி ஹேண்டில். ஒன்று வழக்கமானது, இன்னொன்று சட்டத்தோடு வெல்டிங் பண்ணிய மாதிரி அசையாதது. அசையாததைப் பிடித்துக்கொண்டு, உடம்பை எவ்வளவு வளைத்தாலும் நெளித்தாலும் வண்டி உருப்படியாகத் திரும்பாது. உடம்பைச் சாய்த்துத்தான் வண்டி திரும்புகிறது என்று சத்தியம் செய்கிற ஆட்களை அதில் ஏற்றி அனுப்புவார்கள்.

தெரியாமல் செய்வதற்கும் தெரிந்து செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்றால், அவசரத்தில்தான் வித்தியாசம். வண்டி வெளியே அகன்று போகிறது. தெரியாதவன் விறைத்துப்போய் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பான், அதோடு திருப்பமே நின்றுபோகும். தெரிந்தவன் உள்பக்கக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளுவான். கையிருப்பில் இருக்கும் அந்த மிச்ச டிகிரிகளை எடுக்கும் சாவி அதுதான்.

கண். கண் போகிற இடத்துக்கு வண்டி போகும். சுவரைப் பார்த்தால் சுவருக்கு, பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கு. சாலையின் இரண்டு ஓரமும் தூரத்தில் ஒன்று சேர்வது போலத் தெரிகிற இடம் இருக்கிறதே, அங்கே பார்க்க வேண்டும். அந்தப் புள்ளி கிட்டே கிட்டே வந்தால் வளைவு இறுகுகிறது, வேகம் அதிகம். அது நகர்ந்து விலகிப் போனால் வளைவு விரிகிறது. மலைச்சாலையில் இதைவிட நேர்மையான அறிவிப்புப் பலகை கிடையாது.

இந்த ஊர் மலைக்கென்று சில சேர்க்கைகளும் உண்டு. கொண்டை ஊசியில் அரசு பஸ் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், அதற்கு வேறு வழி கிடையாது. ஹாரன் கேட்டால் முன்னாடியே நின்றுவிடுவது கௌரவக் குறைச்சல் இல்லை. குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்பது விதி. வலப்பக்க வளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் சாய்ந்தால் டயர் கோட்டுக்கு இந்தப் பக்கம், தலை அந்தப் பக்கம் லாரிக்காரனுக்குச் சொந்தம். ஓரத்தில் ஜல்லியும் மண்ணும், வளைவின் நடுவில் டேங்கிலிருந்து தளும்பிச் சிந்திய டீசலும் இருக்கும். சேலத்துப் பையனுக்குக் கிடைத்த காய்ந்த சுத்தமான தார் எல்லோருக்கும் எல்லா நாளும் கிடைக்காது.

இனி இரண்டாம் தீர்ப்பு. வண்டியை விற்பது.

விற்றால் என்ன ஆகும்? வாங்கி ஒரு வருஷம் ஆன, விழுந்த வண்டிக்குக் கிடைக்கும் விலை எல்லோருக்கும் தெரியும், தவணை பாக்கி அப்படியே நிற்கும். இரண்டு வருஷம் கழித்து வேலைக்குப் போகும்போது வேறு வண்டி வாங்கியே ஆக வேண்டும், ஊரிலிருந்து ஆபீஸுக்கு டவுன் பஸ் நேரத்துக்கு வராது. அன்றைக்கு அவன் அதே அறிவோடு, இன்னும் கொஞ்சம் அதிகப் பயத்தோடு, இன்னும் சக்தி வாய்ந்த வண்டியில் உட்காருவான். விற்றுப் போனது வண்டி மட்டும். தெரியாமை அப்படியே கைவசம் இருக்கிறது.

(இடையில் ஒரு வணிகவியல் தகவல். வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு பைசா வராது. உரிமையாளருக்கென்று கட்டாயமாக இருக்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். காறை எலும்புக்குக் கிடையாது. பாலிசியைப் படித்துப் பார்த்தவர்கள் கை தூக்கவும்.)

உடம்பு தேறுவதில் ஒரு அவசரம் இருக்கிறது, அதையும் திட்ட வேண்டும். காறை எலும்பு கூட ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். ஆனால் மூன்றாவது வாரமே வலி குறைந்துவிடும். அங்கேதான் ஆபத்து. அட்டெண்டன்ஸ் 75 விழுக்காடு வேண்டும் என்று கல்லூரி மிரட்டும், "புத்தூர் கட்டு போட்டா பத்து நாள்ல ஓட்டலாம்" என்று ஒருவர் ஆசை காட்டுவார், கட்டைப் பிரித்துவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டிப் பார்க்கும் வீரர்களும் உண்டு. முன் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலக் கையில். கைப்பிடியைத் தள்ளித்தான் வண்டி திரும்பும் என்றால், தள்ள முடியாத தோளோடு வண்டியில் உட்கார்வது ஸ்டியரிங் இல்லாத காரில் உட்கார்வது. எக்ஸ்ரேவில் எலும்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்ல வேண்டும், இறுகிப்போன தோள் பிசியோதெரபியில் இளக வேண்டும், இரண்டு கையையும் சுவரில் ஊன்றி உடம்பைத் தள்ளும்போது வலிக்காமல் இருக்க வேண்டும். அதற்குள் சாவியைத் தேடுகிறவனிடமிருந்து சாவியை ஒளித்து வைப்பதில் தப்பே இல்லை. பெரியப்பா அந்த வேலையைச் செய்யலாம், விற்கச் சொல்வதற்குப் பதிலாக.

மனசு தேறுவது தனி. வலப்பக்க வளைவில் விழுந்தவனுக்கு இடப்பக்க வளைவு ஒன்றும் செய்யாது, வலப்பக்கம் வந்தால் மட்டும் தோள் தானாக விறைக்கும். "ரெண்டு நாள் ஓட்டினா சரியாயிடும்" என்பது பொய். பயத்தோடு ரெண்டு நாள் ஓட்டினால் பயம்தான் பழகும். அந்தப் பையன் செய்தது வேறு. ஊருக்கு வெளியே பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் லேஅவுட் ஒன்று, உள்ளே தார் ரோடு போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாமல். ஞாயிறு காலை அங்கே. முதல் நாள் முழுக்க நேராகப் போய் முன் பிரேக் மட்டும், 20-ல், 30-ல், 40-ல். நிற்கும் இடத்தில் சாக்பீஸ் கோடு. அடுத்த வாரம் நேராகப் போய்க்கொண்டே வலக் கைப்பிடியை லேசாகத் தள்ளிப் பார்ப்பது, வண்டி வலப்பக்கம் சாய்வதைக் கண்ணால் பார்ப்பது. அப்புறம் நான்கு முனைச் சந்திப்பில் 10 மீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம், 15 கிலோமீட்டரில் தொடங்கி. 25-க்கு வந்தபோது சாய்வு 26 டிகிரி. அன்றைக்கு ஏற்காட்டில் தேவைப்பட்டது கிட்டத்தட்ட அதேதான், வெறும் 25 கிலோமீட்டர் வேகத்தில், சுவர் இல்லாத இடத்தில். ஆறு ஞாயிறு, மொத்தச் செலவு பெட்ரோலும் சாக்பீஸும். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் கீத் கோட்டின் பள்ளி வகுப்பு நடத்தியதுண்டு, அந்தக் கட்டணம் மாணவன் கைக்கு எட்டாதது. லேஅவுட் எட்டும்.

கடைசியாக ஒரு எதிர்வாதம், இதுதான் கொஞ்சம் கனமானது. "சொல்லிக் குடுத்தா தைரியம் கூடி இன்னும் வேகமாப் போவானுங்க." உண்மை, அப்படியும் நடக்கும். சறுக்கினால் சமாளிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சறுக்காமல் நுழையச் சொல்லிக் கொடுக்காத பயிற்சி அதைத்தான் செய்யும். அதற்குப் பதில் பயிற்சியே வேண்டாம் என்பது இல்லை, எதைச் சொல்லிக் கொடுப்பது என்பதில் இருக்கிறது. 15 மீட்டர் வளைவு 30-ல் எவ்வளவு சாய்வு கேட்கிறது என்று ஒரு தடவை தன் உடம்பால் உணர்ந்தவன் அதே வளைவுக்கு 40-ல் வர யோசிப்பான். எல்லை எங்கே என்று தெரியாதவன்தான் எல்லையைத் தாண்டுகிறான்.

ஆர்.டி.ஓ. மைதானத்தில் இடம் இல்லை என்பார்கள். எட்டுக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோடு, முடிவில் 15 மீட்டர் ஆரத்துக்கு ஒரு வளைவு. ஒரு கால்பந்து மைதானம் தாராளம். 30-ல் வா, வளைவுக்கு முன் பிரேக்கை முடி, கோட்டுக்குள் திருப்பி வெளியே வா, திரும்பி வரும்போது 40-ல் பிரேக் அடித்து நிறுத்து. பிரேக் இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழக்கூட வேண்டாம், அங்கிருந்தே தெரியும். தோற்றவன் அடுத்த மாதம் வரட்டும். அந்த ஒரு மாதம் லேஅவுட் காலியாகத்தானே கிடக்கிறது.